செக் வழக்கில் தண்டனை பெற்ற இயக்குநர் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: நான் ஒரு நூல் வணிக நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். நிறுவனத்தின் சார்பில் நான் கையெழுத்திட்ட மூன்று காசோலைகள் பணமின்றித் திரும்பியதால் தொடுக்கப்பட்ட ஒரே வழக்கில், ஒவ்வொரு காசோலைக்கும் ஓராண்டு சிறைத் தண்டனை என்று 2023இல் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறேன்; தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இப்போது ஒரு கட்சி சட்டமன்றத் தேர்தலில் சீட் தருவதாகச் சொல்கிறது. "ஆறு வருடத்துக்கு நிற்கவே முடியாது" என்கிறார் ஒருவர். "அதுதான் ஸ்டே இருக்கிறதே, பிரமாணப் பத்திரத்தில் காட்டவே வேண்டாம்" என்கிறார் இன்னொருவர். எது சரி? நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருப்பதும் தடையாகுமா?

பதில்: முதலாமவர் உங்கள் தீர்ப்பைப் படிக்காமலே பேசுகிறார். இரண்டாமவர் சொல்வதைக் கேட்டு நடந்தால் இருக்கும் வழக்கோடு புதிதாக ஒரு குற்ற வழக்கையும் சுமப்பீர்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் உங்கள் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்பதைப் பற்றிப் பேசுவது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. ஊழல் தடுப்புச் சட்டம் போன்று அதில் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்ட சில சட்டங்களின் கீழ் தண்டனை பெற்றால், வெறும் அபராதமாக இருந்தாலும் தகுதி போய்விடும். பதுக்கல், கொள்ளை லாபம், உணவு அல்லது மருந்துக் கலப்படம் ஆகியவற்றுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனையே போதும். மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் 8(3)ஆவது உட்பிரிவு வைத்திருக்கும் கோடு இரண்டாண்டு: இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், தீர்ப்பு வந்த நாளிலிருந்தே தகுதி இழப்பு தொடங்கி, சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் ஆறாண்டு நீடிக்கும். முதலாமவர் சொன்ன ஆறு வருடம் இதுதான். ஆனால் அது விடுதலையான நாளிலிருந்து எண்ணப்படுவது என்பதையும், இரண்டாண்டுக் கோட்டைத் தொட்டவருக்கு மட்டுமே பொருந்துவது என்பதையும் அவர் விட்டுவிட்டார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த சொத்துக் குவிப்பு வழக்கில் வி.கே.சசிகலாவுக்கு அந்த ஆறாண்டு, அவர் 2021 ஜனவரியில் விடுதலையான பிறகுதான் ஓடத் தொடங்கியது.

காசோலை வழக்கு இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் அதிகபட்சத் தண்டனையே இரண்டாண்டுதான் என்பதால், நடுவர் உச்ச அளவைக் கொடுத்தால் மட்டுமே ஒரு காசோலை ஒருவரைத் தேர்தலிலிருந்து விலக்கும். இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2023இல் நாடே பார்த்த எடுத்துக்காட்டு ராகுல் காந்தியின் அவதூறு வழக்கு. மிகச் சரியாக இரண்டாண்டு விதிக்கப்பட்டதால் மறுநாளே அவருடைய மக்களவை உறுப்பினர் பதவி போயிற்று; ஒரு நாள் குறைந்திருந்தாலும் போயிருக்காது என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் உங்கள் ஓராண்டுத் தண்டனைகளில் எதுவும் இந்தக் கோட்டைத் தொடவில்லை.

ஆனால் உங்களுக்கு விதிக்கப்பட்டவை மூன்று ஓராண்டுகள். இதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தெரிகிறது. தீர்ப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தண்டனைகளை "ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று நடுவர் எழுதியிருந்தால், மூன்றும் ஒன்றாக ஓடி ஓராண்டில் முடியும், உங்களுக்குத் தடையில்லை. "ஒன்றன் பின் ஒன்றாக" என்று எழுதியிருந்தால் கணக்கு வேறு. கேரளத்தின் கூத்துப்பறம்பு தொகுதியில் 2001இல் நடந்த தேர்தல் தொடர்பான வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுமானால் அவற்றைக் கூட்டித்தான் இரண்டாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கும் தனித்தனித் தண்டனை எதுவும் இரண்டாண்டைத் தொடவில்லை, கூட்டியபோது தாண்டியது. தேர்தலுக்குப் பின் மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதும் வெற்றி பெற்றவரைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் வேட்புமனு பரிசீலனை நாளன்று நிலைமை என்ன என்பதே கேள்வி, பிறகு என்ன ஆயிற்று என்பதல்ல.

இன்னும் மோசமான மூன்றாவது நிலை ஒன்று உண்டு: தீர்ப்பில் இரண்டில் எதுவுமே எழுதப்படாமல் இருப்பது. வேலைப் பளுவில் இருக்கும் நடுவர் நீதிமன்றங்களில் இது அபூர்வமே அல்ல. உங்கள் வழக்கு முடிந்த காலத்தில் நடைமுறையில் இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, ஏககாலத்தில் என்று நீதிமன்றம் சொல்லாதவரை தண்டனைகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் ஓடும். ஆகவே தீர்ப்பின் மௌனம் உங்களுக்குச் சாதகமானது அல்ல. ஓராண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது சட்டத்தின் கண்ணில் மூன்றாண்டாக இருக்கலாம். அப்படியானால், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இந்த ஒரு விஷயத்துக்காகவே மனுச் செய்து, மூன்றும் ஏககாலத்தில் ஓடும் என்ற உத்தரவை வேட்புமனுப் பரிசீலனைக்கு முன்பே கையில் வாங்கியாக வேண்டும். ஒருவருடைய தேர்தல் உரிமை தீர்ப்பில் ஒரு வரி விடுபட்டதால் பறிபோகும் நிலையை ஒரு சட்டம் இத்தனை ஆண்டுகள் எப்படி அனுமதித்தது என்று கேட்டால் என்னிடம் நாகரிகமான பதில் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), தண்டனைகள் எப்படி ஓட வேண்டும் என்று நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது; உங்களுக்கு அது பயன்படாது.

அடுத்து, இரண்டாமவர் சொல்லும் "ஸ்டே". தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. முதலாவது உங்களைச் சிறைக்குப் போகாமல் காக்கும். தேர்தல் தகுதியைத் திருப்பித் தராது. இதற்கு டான்சி நில வழக்கைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை. ஜெயா பப்ளிகேஷன்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர் என்ற வகையில் ஜெயலலிதா மீது வந்த அந்த வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தும் 2001 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. உறுப்பினராகாமலே அவர் முதலமைச்சர் பொறுப்பேற்றதையும் 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகே அவரால் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் நிற்க முடிந்தது. மாநிலத்தின் முதலமைச்சருக்கே உதவாத உத்தரவு உங்களுக்கு உதவும் என்று யாராவது சொன்னால், அவர் அதற்கு எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள்.

ஏனென்றால் தேர்தல் நெருங்கும்போது நீதிமன்ற வளாகங்களில் ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "ஸ்டே வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அதே தண்டனை நிறுத்த உத்தரவின் சான்றிட்ட நகலையே புது உத்தரவு போல உறையில் போட்டுக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும் இரண்டு பக்கத்தை வாங்கியவர் படிப்பதில்லை. பரிசீலனை நாளன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிக்கிறார். உத்தரவில் தண்டனை மட்டும் நிறுத்தப்பட்டுள்ளதா, குற்றத் தீர்ப்பும் நிறுத்தப்பட்டுள்ளதா என்று வேறு ஒரு வழக்கறிஞரிடம் காட்டி ஒரு வரியில் எழுதி வாங்குங்கள்.

குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அது எளிதில் கிடைப்பதல்ல. இன்று அரசியல்வாதிகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் இந்த வழி, உங்களைப் போன்ற ஒரு நிர்வாக இயக்குநர் தன் பதவியைக் காக்க நடத்திய வழக்கில்தான் தெளிவாயிற்று. ராம நாரங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தகுந்த நேர்வுகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையும் நிறுத்தலாம், ஆனால் அந்தக் குற்றத் தீர்ப்பால் தனக்கு நேரப்போகும் இழப்பு என்ன என்பதை மனுதாரர் வெளிப்படையாக எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும் என்றது. அவர் அப்படிக் கேட்கவில்லை என்பதால் அவருக்கே அது உதவவில்லை.

என்னைக் கேட்டால், ஏககால உத்தரவு இல்லாத நிலையில் ஸ்டேயைத் துரத்துவதைவிட, காசோலை வாங்கியவருக்குப் பணத்தைக் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளுங்கள். 138ஆவது பிரிவுக் குற்றம் சமரசத்துக்கு உரியது என்று 147ஆவது பிரிவே சொல்கிறது. மேல்முறையீட்டு நிலையிலும் செய்யலாம். அதன் சட்ட விளைவு விடுதலை. தாமதமாகச் சமரசத்துக்கு வருவதற்காகக் காசோலைத் தொகையில் ஒரு பங்கைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செலுத்தச் சொல்வார்கள்; செலுத்திவிடுங்கள். இங்கும் ஒரு வலை உண்டு. இடைத்தரகர் ஒருவர் இரு தரப்பையும் உட்காரவைத்து, முத்திரைத்தாளில் "எங்களுக்குள் கணக்குத் தீர்ந்தது" என்று எழுதி வாங்கி, கமிஷனையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தத் தாள் நீதிமன்றத்தில் தாக்கலாகி, சமரசம் பதிவு செய்யப்பட்டு, உங்களை விடுவித்து உத்தரவு வரும்வரை நீங்கள் தண்டனை பெற்றவரே. பணம் போய்விட்டது, தண்டனை மட்டும் நிற்கிறது என்று புலம்புகிறவர்கள் பலர்.

பிரமாணப் பத்திரத்துக்கு வருவோம். அதற்கான படிவம் 26இல் நிலுவை வழக்குகளோடு தண்டனை பெற்ற வழக்குகளையும், மேல்முறையீட்டின் நிலையையும் எழுத வேண்டும். தகுதி இழப்பு ஏற்படவில்லை என்பதால் எழுத வேண்டியதில்லை என்ற வாதம் செல்லாது. மறைத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு, வென்ற பதவியே பறிபோவது: கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் ஊராட்சித் தலைவராக வென்ற ஒருவர் தன் மீதிருந்த வழக்குகளை முழுமையாகக் காட்டாததை 2015இல் உச்ச நீதிமன்றம் முறைகேடான தேர்தல் நடவடிக்கை என்றே முடிவு செய்தது. போன தேர்தலில் வேறொருவருக்குத் தட்டச்சு செய்த கோப்பில் பெயரை மட்டும் மாற்றித் தருகிற தட்டச்சுக் கடைகளை நம்பாதீர்கள். எல்லாப் பத்திகளிலும் "இல்லை" என்று அடித்து வைத்திருப்பார்கள், நீங்கள் அவசரத்தில் நோட்டரி முன்பு கையெழுத்துப் போடுவீர்கள். தண்டனை விவரத்தைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் நீங்களே விளம்பரப்படுத்த வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கட்டாயம். உங்கள் கட்சிக்கும் இதே கடமை உண்டு. எனவே அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தின் திவால் நடவடிக்கை உங்களைத் தடுக்காது. அரசமைப்புச் சட்டத்தின் 191ஆவது பிரிவு விலக்குவது, நீதிமன்றத்தால் தனிப்பட்ட முறையில் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டு அதிலிருந்து விடுவிக்கப்படாதவரை. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் உங்கள் நிறுவனம் நிற்பது நீங்கள் நிற்பதாகாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். நிறுவனங்கள் சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி, ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவரை, தண்டனைக் காலம் முடிந்து ஐந்தாண்டு ஆகும்வரை எந்த நிறுவனத்திலும் இயக்குநராக நியமிக்க முடியாது. அதாவது ஓராண்டுத் தண்டனையோடு நீங்கள் ஒரு நூல் கம்பெனியின் புதிய இயக்குநராக முடியாது, ஆனால் சட்டமன்ற உறுப்பினராகி நிறுவனங்களுக்கு விதி எழுதலாம். இந்த முரண்பாட்டைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அதே விதியின் கீழ் தேர்தலில் நின்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பதால் நான் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

எந்த மனுவாக இருந்தாலும் தேர்தல் அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பரிசீலனையில் ஆட்சேபம் எழுந்தால் பதில் சொல்லத் தேர்தல் நடத்தும் அலுவலர் தரக்கூடிய அவகாசம் அதிகபட்சம் அதற்கு அடுத்த இரண்டாம் நாள்வரைதான். உத்தரவின் சான்றிட்ட நகல் அன்று கையில் இல்லையென்றால் வேட்புமனு தள்ளுபடியாகும். "தள்ளுபடி ஆனால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு ஏற்க வைக்கலாம்" என்று கட்டணம் கேட்பவர் நிச்சயம் வருவார். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் தலையிடாது, முடிந்த பிறகு தேர்தல் வழக்குத்தான் வழி என்று உச்ச நீதிமன்றம் 1952லேயே சொல்லிவிட்டது. ரிட் போடச் சொல்பவர் கேட்கும் கட்டணத்தைக் காசோலை வாங்கியவருக்குக் கொடுங்கள். சமரசத் தொகையில் அது கழியும்.