கடிதத்துக்குச் சிறைக்கதவு திறக்குமா?

கே: வியட்நாமில் சிறையில் இருக்கும் எழுத்தாளர்களையும் ஜனநாயக ஆர்வலர்களையும் விடுவிக்கக் கோரி, அமெரிக்க, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்கிறார்கள். ஹனோய் அரசு அதைப் பொருட்படுத்துகிறதா?

ப: கடிதத்தை விட, அதை எழுதியவரின் கையில் இருக்கும் வாக்கைத்தான் பொருட்படுத்துகிறது. சுதந்திரப் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவர் ஃபாம் சி ஜூங், மனித உரிமை நிலை மேம்படும் வரை வியட்நாமுடனான வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் வேண்டுகோள் விடுத்தார். 2019 நவம்பரில் கைது செய்யப்பட்டார். அவர் காவலில் இருக்கும்போதே, 2020 பிப்ரவரி 12 அன்று, 401 பேர் ஆதரவாகவும் 192 பேர் எதிராகவும் வாக்களிக்க, அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. 2021 ஜனவரியில் அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவரை விடுவிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பேரம் பேசுவதற்கு இருந்த ஒரே பொருளை ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே கொடுத்துவிட்டுப் பிறகு கவலை தெரிவித்தால், ஹனோய் ஏன் அசையப் போகிறது?

எழுத்தாளர் ஃபாம் டோன் டிராங் கைதான விதமும் இதற்குச் சளைத்ததல்ல. 2020 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவும் வியட்நாமும் வழக்கமான மனித உரிமைப் பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்ட சில மணி நேரத்தில் அவரைப் பிடித்தார்கள். மறு ஆண்டு டிசம்பரில் ஒன்பது ஆண்டுத் தண்டனை. பேச்சுவார்த்தைக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

விடுதலையே கிடைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. ‘காளான் அம்மா’ என்ற புனைபெயரில் எழுதிய வலைப்பதிவர், பத்தாண்டுத் தண்டனை பெற்ற மறு ஆண்டே, 2018 அக்டோபரில், விடுவிக்கப்பட்டார். ஆனால் சிறையிலிருந்து வீட்டுக்கு அல்ல, அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் தணிகிறது, உள்ளே எழுதுகிற ஒருவரும் குறைகிறார். அரசுக்கு இது நட்டமான பேரம் அன்று.

கே: இது உள்நாட்டு விவகாரம் என்று அந்த அரசு சொல்வது சரிதானே?

ப: குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் வியட்நாம் 1982-லேயே தானாக முன்வந்து இணைந்தது. அதன் 2013 அரசியலமைப்பின் 25-வது பிரிவும் பேச்சுரிமையை, பத்திரிகைச் சுதந்திரத்தை ஏற்கிறது. தானே ஏற்ற உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டுவது தலையீடு ஆகாது. ஆனால் ‘அரசுக்கு எதிரான பிரசாரம்’ என்ற குற்றத்துக்கு 20 ஆண்டு வரை சிறை விதிக்கும் தண்டனைச் சட்டத்தின் 117-வது பிரிவுதான் அங்கே நீதிமன்றத்தில் செல்லுபடியாகிறது.