பின் ஷாஃப்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: கூடலூர் பக்கம் தோட்டத்துக்குப் போய்வர 2008 மாடல் மாருதி ஜிப்ஸி ஜீப் வைத்திருக்கிறேன். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, ஸ்பிரிங் முனையைச் சேஸிஸில் மாட்டும் ஷாக்கிளையும் நீளமாகப் போட்டு இரண்டு அங்குலம் தூக்கினேன். அதிலிருந்து 50-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்கிறது. டபுள் கார்டன் ஜாயின்ட் (ஒரு முனையில் இரட்டை மூட்டு) வைத்த ஹெவி டியூட்டி பின் ஷாஃப்ட், அதாவது பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய், போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் 30,000 ரூபாய் கேட்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் ஷாஃப்ட்டுக்குப் பலம் போதவில்லை என்று எதுவும் காட்டவில்லை, கோணம்தான் கெட்டிருக்கிறது. கோணம் கெட்ட வண்டியில் எவ்வளவு தடித்த குழாய் போட்டாலும் அதே அதிர்வு இருக்கும்.

விஷயம் இதுதான். ஷாஃப்ட்டின் முனைகளில் இருக்கும் கிராஸ் (சிலுவை வடிவ இரும்பு) வைத்த ஜாயின்ட் சாய்வாக ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சரிக்கட்டிவிடும், ஆனால் இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால்தான். கம்பெனியில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். நீங்கள் பின்னால் நீள ஷாக்கிள் போட்டதும் பட்டையின் பின் முனை கீழே இறங்கி, ஹவுசிங் (பின் ஆக்சில் கூடு) சுழன்று, ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. ஷாஃப்ட்டின் முன் முனை மாட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) பழைய இடத்திலேயே இருக்கிறது. இரண்டு சாய்வும் சமமில்லாமல் போனது, அதிர்வு அங்கிருந்து வருகிறது.

இதற்கு வைத்தியம் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு ஆப்புத் தகடு. இரும்பில் கேளுங்கள், அலுமினியத் தகடு நசுங்கும், விரிசல் விடும். எத்தனை டிகிரி என்பதைக் கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. வண்டி சமதளத்தில், தன் எடையில் நிற்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சையும் (ஷாஃப்ட்டைப் போல்ட் போடும் தட்டு) பினியன் ஃபிளாஞ்சையும் கோணமானி வைத்து அளக்க வேண்டும், போனில் இருக்கும் செயலியே போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வர வேண்டும்.

அதற்கும் முன்னால் காசில்லாமல் பார்க்க வேண்டியவை உண்டு. தூக்கும்போது ஷாஃப்ட்டைக் கழற்றினார்களா? ஸ்ப்லைனில் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் பல் வைத்த இணைப்பு) திரும்பச் செருகும்போது பல் மாறிப் போயிருந்தால் இரண்டு முனையின் யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்க்கோட்டில் நிற்காது, அது மட்டுமே இந்த அதிர்வுக்குப் போதும். கழற்றும் முன் பெயின்ட்டில் ஒரு கோடு போடுகிற மெக்கானிக்கைப் பார்ப்பதே இப்போது அபூர்வமாகிவிட்டது. அப்புறம், ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டி இருக்காது. தனியாக ரப்பர் மவுன்ட்டில் தொங்கும், நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடும். அந்த ரப்பர் செத்திருந்தாலும், குட்டி ஷாஃப்ட்டின் கிராஸ் ஆடினாலும் பழி பின் ஷாஃப்ட் மேல்தான் விழும். கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றினால் கியரில் நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும், அதனால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் அடியில் போகாதீர்கள்.

டபுள் கார்டன் எங்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டையை ஹவுசிங்குக்கு மேலே மாற்றி நன்றாக உயர்த்திய வண்டியில் சாய்வு மிக அதிகமாகிவிடும், அங்கே அது தேவை. ஆனால் அந்த ஷாஃப்ட்டுக்குக் கணக்கே வேறு. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரண்டு கிராஸும் தங்களுக்குள் சரிக்கட்டிக்கொள்ளும், பினியன் பக்கம் ஒற்றைக் கிராஸ் துணையில்லாமல் நிற்கும். ஆகவே அது கிட்டத்தட்ட நேராக ஓட வேண்டும், அதாவது பினியன் மூக்கு டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் மிதித்தால் மூக்கு கொஞ்சம் எழும் என்பதால் ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். மூக்கைத் திருப்பாமல் ஷாஃப்ட்டை மட்டும் மாட்டினால் புது அதிர்வுதான் கிடைக்கும். மூக்கை அதிகமாகத் தூக்கினாலோ முன் பினியன் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராது. உங்களிடம் 30,000 கேட்டவர் பினியனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா?

பலம் என்று பார்த்தாலும், 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கு ஒரிஜினல் ஷாஃப்ட் தாராளம். ஷாஃப்ட்டை மட்டும் பலப்படுத்தினால் அடுத்து உடைவது உள்ளே இருக்கும் ஆக்சிலோ பினியனோ, அது பல மடங்கு செலவு.

2019-ல் பொதுமக்களுக்கு ஜிப்ஸி விற்பதை நிறுத்தியதிலிருந்து இந்த இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். 'ராணுவச் சரக்கு', 'இம்போர்ட்டட்' என்று சொல்வதில் பாதி, வேறு வண்டிக் குழாயை வெட்டி லேத்தில் வெல்டிங் வைத்துக் கறுப்பு பெயின்ட் அடித்தது. பேலன்சிங் மெஷினில் ஏற்றி உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டாத ஷாஃப்ட்டை யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று, 'ஆர்டிஓவில் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஏஜென்ட் தரும் எந்தத் தாளும் அதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. மலைத் தோட்டத்து வண்டிக்கு இரண்டு அங்குல உயரம் எதற்கு என்று கேட்டுப் பரிசோதித்து அனுமதி தர ஒரு ஒழுங்கான வழியை இத்தனை ஆண்டாகியும் உண்டாக்காமல், எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து மிரட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

சரி, ஆப்புத் தகடு போட்ட பிறகு சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங்கை முழுக்கத் தொங்கவிட்டு ஸ்ப்லைன் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஃபிளாஞ்சில் ஸ்பேசர் போட வேண்டும், கூடவே ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது முட்டவில்லையா என்றும் பார்க்க வேண்டும். பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள், ஆற்றுத் தண்ணீரில் இறங்கிய அன்றே கிராஸுக்கும் ஸ்ப்லைனுக்கும் கிரீஸ் அடியுங்கள். இவ்வளவும் செய்து அதிர்வு போகவில்லை என்றால் அளந்த இரண்டு கோணத்தையும் எழுதி அனுப்புங்கள்.