போக்கர்ல தேறணும்னா ஒத்தைக்கு ஒத்தை ஆடுறது உதவுமா?

உதவும், ஆனா முதல்ல கொஞ்ச நாள் நல்லா அடி வாங்கணும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

எங்க அத்தான் வீடு அம்பாசமுத்திரத்துல. மழைக்கு தார்சால உக்காந்து ரெண்டு பேரும் ஆடுவோம், காசு கிடையாது, ஆளுக்கு 100 புளியமுத்து. (ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறத 2025 சட்டமே தடை பண்ணிட்டு, அந்தப் பக்கம் போவாதீங்க.) நான் ரம்மி ஆடி வளந்தவன், சீட்டு சரியில்லன்னா ஸ்கூட் விட்டுட்டு ஒதுங்கிருவேன், அதையே இங்கயும் செஞ்சேன், நல்ல சீட்டு வரட்டும்னு ஃபோல்ட் ஃபோல்ட்னு சீட்ட கீழ போட்டு ஒதுங்கிக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேர்னா ஒவ்வொரு கைக்கும் (ஒரு தடவ சீட்டு போட்டு ஆடுறது ஒரு கை) பிளைண்ட், அதாவது சீட்ட பாக்குறதுக்கு முன்னயே வைக்கிற கட்டாயப் பந்தயம், கட்டியாவணும்லா, ஒரு கைக்கு 1, அடுத்த கைக்கு 2, அப்போ சும்மா ஃபோல்ட் பண்ணுனாலே 70 கைக்குள்ள 100 முத்தும் காலி. ஏஸ் ஜோடி வர்றது சராசரியா 221 கைக்கு ஒரு தடவ. எங்கிட்டு காத்துக் கெடக்க?

அதனால மட்டமான சீட்டையும் ஆடித்தான் ஆவணும். கையில வர்ற ரெண்டு சீட்டு ஜோடி இல்லன்னா, ஃப்ளாப்ல (ரெண்டு பேருக்கும் பொதுவா கீழ திறந்து வைக்கிற முதல் மூணு சீட்டு) மூணுல ஒரு தடவதான் ஜோடி ஏதாவது மாட்டும், உங்களுக்கு மாட்டலன்னா அவனுக்கும் மாட்டாம இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஒரு நாள் எங்கிட்ட ராணி-7, கீழ ஜாக்கி, 7, 3. அத்தான் டீலர், அப்போ ஃப்ளாப்புக்கு அப்புறம் நான்தான் முதல்ல பேசணும், அவரு நான் என்ன செய்யுதேன்னு பாத்துட்டு செய்யலாம், அதுவே பெரிய லாபம். மூணு ரவுண்டும் அவரு முத்த வச்சாரு. ஆறு பேர் ஆட்டம்னா எப்பவோ எறிஞ்சிருப்பேன், அன்னைக்கு கால் பண்ணுனேன், அதாவது அவரு வச்ச அளவுக்கு நானும் வச்சேன். அவருகிட்ட வெறும் 9-5!

ஜெயிச்ச தெம்புல இருந்தப்ப அவரு சொன்னாரு, "ஏல, நல்ல சீட்டுன்னா நீ முத்த ஒண்ணொண்ணா எண்ணி வைக்க, ப்ளஃப்னா, சீட்டு இல்லாம சும்மா மிரட்டுனா, அள்ளி வைக்க". அது எனக்கே தெரியாது பாத்துக்கிடுங்க. அன்னையிலருந்து எல்லா கைக்கும் எண்ணித்தான் வைக்கேன்.

ஆனா அத்தான் மூஞ்சிய படிக்கத் தெரிஞ்சா போக்கர் தெரிஞ்சுட்டுன்னு நினைச்சிராதீங்க. 2017-ல லிப்ராடஸ்னு ஒரு கம்ப்யூட்டர் நாலு ப்ரோ பிளேயர்கள ஒத்தைக்கு ஒத்தையா 1,20,000 கை ஆடி தோக்கடிச்சுது, அது யாரு மூஞ்சியையும் பாக்கல, எல்லாம் கணக்குதான்.

இன்னொண்ணு, பாளையங்கோட்டைல ஃப்ரண்ட்ஸ் ஆறு பேர் கூடுனப்ப இதே பழக்கத்துல ராஜா-4க்கெல்லாம் ரெய்ஸ் பண்ணி (பந்தயத்த ஏத்தி) அரை மணி நேரத்துல எழுந்திரிச்சுட்டேன். இப்போ அங்க போனா ராஜா-4 வந்த உடனே கீழ, அத்தான் கூட மட்டும் ரெய்ஸ்.