தோட்டாவின் பெயரும் குண்டின் விட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: நேட்டோவின் 7.62×51, ரஷ்யாவின் 7.62×39 ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கும் 7.62 என்றே பெயர் இருக்கும்போது, குண்டுகளின் விட்டம் மட்டும் ஏன் வேறுபடுகிறது?

பதில்: தோட்டா என்பது கூடும் வெடிமருந்தும் குண்டும் சேர்ந்தது; குழலிலிருந்து பறந்து செல்வது குண்டு மட்டுமே. பெயரில் வரும் 51, 39 என்பவை கூட்டின் நீளம் (மி.மீ.). துப்பாக்கிக் குழலுக்குள் சுழல்புரியாக மேடும் பள்ளமும் வெட்டப்பட்டிருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையிலான அளவு இரண்டு துப்பாக்கிகளிலுமே 7.62 மி.மீ. என்பதால்தான் பெயர் ஒன்றாக இருக்கிறது. ஆனால் குண்டு பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், அதன் விட்டத்தைத் தீர்மானிப்பது பள்ளத்தின் அளவே. நேட்டோ தோட்டாவின் குண்டு 7.82 மி.மீ. (0.308 அங்குலம்), ரஷ்யத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 7.9 மி.மீ. இரண்டையும் மைக்ரோமீட்டர் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்; கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் பழைய பிரிட்டிஷ் .303 தோட்டாவின் குண்டும் 0.303 அங்குலம் இல்லையா?

பதில்: இல்லை. அதுவும் மேட்டளவே. குண்டு 0.311 அங்குலத்தை ஒட்டியிருக்கும்.

கேள்வி: தலைமுடி அளவுகூட இல்லாத வேறுபாட்டுக்கு இவ்வளவு கவலை தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. ஜெர்மனி 1888இல் ஏற்றுக்கொண்ட 7.92 மி.மீ. தோட்டாவில் குண்டின் விட்டம் சுமார் 8.1 மி.மீ.; 1905இல் வந்த கூர்முனைக் குண்டுக்கோ 8.2 மி.மீ. தோட்டாக் கூட்டின் நீளம் 57 மி.மீ. என்பது மாறாததால், புதிய தோட்டா பழைய துப்பாக்கியிலும் நுழையக்கூடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. குறுகிய குழலில் பெரிய குண்டு நெருக்கிச் செல்லும்போது வாயு அழுத்தம் அளவுமீறி உயர்ந்து, சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே துப்பாக்கி உடையலாம். அதனால் புதிய தோட்டாவுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட பழைய துப்பாக்கிகளின் மேற்புறத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தைப் பொறித்தார்கள். பழைய ஜெர்மன் துப்பாக்கியைக் கையாளும் எவரும், பெயரை நம்பாமல், தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவரைக் கொண்டு குழலை அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மாறாக, குண்டு குழலைவிடச் சிறியதாக இருந்தால் வாயு பக்கவாட்டில் கசியும். குண்டு புரியைச் சரியாகப் பற்றாததால் குறியும் சிதறும்.

கேள்வி: 6.5 மி.மீ. வகைகளிலும் இப்படி உண்டா?

பதில்: உண்டு. சுவீடன் மௌசர் துப்பாக்கியின் குண்டு 0.264 அங்குலம்; இத்தாலியின் கார்கானோ துப்பாக்கிக்கு 0.268. கார்கானோ குறி தவறும் என்று சொல்பவர்கள், அதில் எந்த அளவுக் குண்டைப் போட்டார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் தயாரான 2ஏ1 துப்பாக்கி .303 துப்பாக்கியைப் போலவே இருக்கிறதே, தோட்டாவும் அதுதானா?

பதில்: அன்று. 1962 போருக்குப் பின் இந்தியா உருவாக்கிய அத்துப்பாக்கி, பழைய .303 துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் வடிவத்தையே கொண்டிருந்தாலும், வலுவான எஃகில் 7.62×51 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. துப்பாக்கியில் பொருத்தும் அதன் தோட்டாப் பெட்டி (மகசின்) .303இன் பெட்டியைவிடச் சதுரமாக இருக்கும். தோட்டாவின் அடிப்பகுதியைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: .303க்கு வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, 7.62க்கு இல்லை.