உபுண்டுவில் மென்பொருள் நிறுவும்போது ‘லைப்ரரி இல்லை’ என்று பிழை வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இதுதான்: உபுண்டு 22.04-இல் வெளியிலிருந்து இறக்கிய ஒரு டெப் பேக்கேஜை (உபுண்டுவில் நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பை) நிறுவினீர்கள். பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. நிரலை ஓட்டிப் பார்த்தால் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் குறியீட்டுக் கோப்பு) கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. ஆனால் அந்த லைப்ரரியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் ஏற்கெனவே இருப்பதாக, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் சொல்கிறது. சரி, சோர்ஸிலிருந்தே (நிரலின் மூலக் குறியீட்டிலிருந்தே) கம்பைல் செய்வோம் என்று போனால் அங்கே ஒரு ஹெடர் ஃபைல் (லைப்ரரியின் ஃபங்ஷன்களைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்பு) இல்லை என்று வேறொரு பிழை.

ஆப்ட் சொல்வதும் உண்மை, பிழைச் செய்தி சொல்வதும் உண்மை. உங்களிடம் இருப்பது லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. அந்த நிரல் கேட்பது 1.1. பெயரில் எஸ்ஓ-வுக்குப் பின்னால் வரும் அந்த எண்ணை வெறும் பதிப்பு எண்ணாக நினைக்காதீர்கள். பழைய நிரல்கள் நம்பியிருக்கும் அமைப்பை மாற்றும்படி ஒரு லைப்ரரி வளர்ந்தால், அதை எழுதியவர்கள் இந்த எண்ணை மாற்றுவார்கள். எண் வேறானால், நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடரைப் பொறுத்தவரை அது வேறு லைப்ரரி. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில். உபுண்டு 22.04 அதற்கு மாறி, 1.1-ஐத் தன் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் டெப் 20.04-க்காகவோ அதற்கு முந்தைய பதிப்புக்காகவோ கட்டப்பட்டது. அதைக் கட்டியவர் தேவைப்படும் பேக்கேஜ்களின் பட்டியலில் லிப்எஸ்எஸ்எல்1.1-ஐ எழுதாமல் விட்டிருக்கிறார். எழுதியிருந்தால் ஆப்ட் நிறுவும்போதே உங்களைத் தடுத்திருக்கும். ‘டிபிகேஜி -ஐ’ (பெரிய ஐ) கொடுத்து டெப்பின் விவரத்தைப் பார்த்தால் ‘டிபெண்ட்ஸ்’ வரியில் இது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனையே இதுதான்: .3 கோப்புக்கு .1.1 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப்பெயர்) போட்டுவிடுங்கள் என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் அது ஓடவே ஓடாது. அந்த லைப்ரரியின் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பு முத்திரை உண்டு; ‘ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற பதிப்பு கிடைக்கவில்லை’ என்று லோடர் அடுத்த பிழையைக் கொடுக்கும். எனக்கு அதைவிடக் கவலை, இப்படி முத்திரை இல்லாத லைப்ரரிகளைப் பற்றித்தான். அங்கே சிம்லிங்க் போட்டால் நிரல் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் உள்ளே டேட்டா ஸ்ட்ரக்சர்களின் அளவும் வரிசையும் மாறியிருந்தால், ஏதோ ஒரு நேரத்தில் தவறான விடை வரும், அல்லது சம்பந்தமே இல்லாத இடத்தில் நிரல் விழும். அதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்றைய பிழையைத் தீர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இன்னொரு யோசனை, 20.04-இன் லிப்எஸ்எஸ்எல்1.1 டெப்பை எடுத்து 22.04-இல் நிறுவுவது. இது வேலை செய்யும். இரண்டு லைப்ரரிகளும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும், எண் வேறாக இருப்பதன் பயனே அதுதான். ஆனால் 1.1.1 வரிசைக்கான பொதுப் பராமரிப்பை ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. மறையாக்கம் செய்யும் லைப்ரரியைப் பாதுகாப்புத் திருத்தம் வராத நிலையில் வைத்துக்கொண்டு இணையத்தோடு பேசும் நிரலை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 22.04-க்கான புதிய டெப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தொடங்கிய வழியே சரி: சோர்ஸிலிருந்து கட்டுங்கள். 1.1-க்காக எழுதிய நிரல்கள் பெரும்பாலும் 3.0-விலும் கம்பைல் ஆகும்; ‘இது பழையது’ என்று எச்சரிக்கைகள் வரும், அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டாவது பிழை. எந்த லைப்ரரிப் பிழை வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, இதைச் சொல்வது யார் என்பதைத்தான். ஆப்ட் சொல்கிறதா, கம்பைலரா, கம்பைல் ஆனதை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கரா, லோடரா? நால்வரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தேடுவது வேறு பொருளை. ஒருவருக்கான மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதால்தான் இந்த வேலையில் மணிக்கணக்கில் நேரம் போகிறது.

.ஹெச் என்று முடியும் கோப்பு இல்லை என்றால் பேசுவது கம்பைலர். அதற்கு வேண்டியது ஓடும் லைப்ரரி அல்ல, ஹெடர். டெபியன், உபுண்டு குடும்பத்தில் இவற்றை -டெவ் என்று முடியும் தனி பேக்கேஜில் வைத்திருப்பார்கள். மற்ற லினக்ஸ் வகைகளான ஃபெடோராவிலும் ரெட்ஹேட்டிலும் -டெவெல். ஆர்ச்சில் பொதுவாக இப்படிப் பிரிப்பதில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது லிப்எஸ்எஸ்எல்-டெவ். ‘-எல்இசட் கிடைக்கவில்லை’ என்பதுபோல் வந்தால் பேசுவது லிங்கர். அது தேடுவது எண் இல்லாத லிப்இசட்.எஸ்ஓ என்ற பெயரை. அந்தப் பெயரும் -டெவ் பேக்கேஜில்தான் இருக்கிறது. லிப்இசட்.எஸ்ஓ.1 கண்ணெதிரே இருக்கும்போதும் லிங்கர் இல்லை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

கம்பைல் செய்யும் முன் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கன்ஃபிகர் கட்டத்திலேயே நின்றுவிட்டால், திரையில் தெரியும் கடைசி வரியை நம்பாதீர்கள். அதே அடைவில் கன்ஃபிக்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும். எந்தச் சோதனை நிரலைக் கம்பைல் செய்ய முயன்றது, கம்பைலர் என்ன சொன்னது என்பதெல்லாம் அதில் அப்படியே பதிவாகியிருக்கும். லைப்ரரி இல்லை என்று திரை சொல்லும். லாக்கைப் பார்த்தால் கம்பைலரே நிறுவப்படாமல் இருப்பதும் உண்டு.

அடுத்து, கோப்பின் பெயரிலிருந்து பேக்கேஜின் பெயரைக் கண்டுபிடிப்பது. இரண்டும் ஒத்துப்போகும் என்று எண்ணி ஊகிக்க வேண்டாம். லிப்இசட்.எஸ்ஓ.1 டெபியனில் இருப்பது இசட்லிப்1ஜி என்ற பேக்கேஜில். ஆப்ட்-ஃபைல் என்ற கருவியை நிறுவி, ஒருமுறை ‘அப்டேட்’ கொடுத்துவிட்டு, ‘சர்ச்’ என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். இன்னும் நிறுவாத பேக்கேஜ்களுக்குள்ளும் தேடிச் சொல்லும். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’, ஆர்ச்சில் ‘பேக்மேன் -எஃப்’ (பெரிய எஃப்). இந்த ஒரு கட்டளை பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உபுண்டு 24.04-க்குப் போகும்போது இது இன்னும் அவசியம். 32-பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் நிரம்பிவிடும் 2038-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க நேர அளவை 64 பிட்டாக மாற்றியபோது பல பேக்கேஜ்களின் பெயரோடு டி64 சேர்ந்துவிட்டது. லிப்அசவுண்ட்2 இப்போது லிப்அசவுண்ட்2டி64. பழைய குறிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் அந்தப் பேக்கேஜை நிறுவ முடியாது என்று வரக்கூடும்.

கட்டி முடித்து நிறுவிய பிறகும் ‘ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை’ என்றால், பேசுவது லோடர். எல்டிடி கட்டளையோடு நிரலின் பெயரைக் கொடுத்தால், எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது, எது கிடைக்கவில்லை என்று வரிசையாகக் காட்டும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலுக்கு எல்டிடி பயன்படுத்த வேண்டாம். சில சூழல்களில் அது நிரலின் குறியீட்டையே ஓட்டிவிடக்கூடும். ‘ரீட்எல்ஃப் -டி’ கொடுத்து ‘நீடெட்’ வரிகளைப் படித்தால் ஆபத்தில்லை. நிரல் ஓடும்போது தானாகத் திறக்கும் ப்ளக்இன்கள் எல்டிடி-யில் தெரியாது. அதற்கு எல்டி_டிபக் என்ற மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால், லோடர் எந்தெந்த அடைவில் தேடியது என்று வரிவரியாகச் சொல்லும்.

நீங்களே கட்டிய லைப்ரரி பொதுவாக /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் போய் உட்காரும். லோடர் ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் தேடாது. ஏற்கெனவே தயாரித்த ஒரு பட்டியலைப் பார்க்கும். அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஒருமுறை போதும். உபுண்டுவில் இந்த அடைவு பட்டியலுக்கான அமைப்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஃபெடோராவில் இயல்பாகச் சேர்ந்திருக்காது, /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் அந்தப் பாதையை எழுதிய ஒரு சிறு கோப்பை நீங்கள் வைக்க வேண்டும்.

லோடர் முதலில் தேட வேண்டிய அடைவுகளைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் அதை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். அந்த டெர்மினலிலிருந்து தொடங்கும் மற்ற நிரல்களும் அந்த அடைவிலுள்ள லைப்ரரியையே முதலில் எடுக்கத் தொடங்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொன்று திடீரென்று விழும், காரணம் யாருக்கும் தோன்றாது.

‘ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை’ என்ற வகைப் பிழை வந்தால் மட்டும் முற்றிலும் வேறு பாதை. ஜிலிப்சி என்பது கணினியின் அடிப்படை சி லைப்ரரி. நிரல் உங்களுடையதைவிடப் புதிய இயங்குதளப் பதிப்பில் கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உபுண்டு 20.04-இல் ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35. புதிய ஜிலிப்சியை எங்கிருந்தாவது எடுத்துக் கையால் மாற்றி வைக்காதீர்கள். எல்எஸ், பாஷ், சூடோ எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. அது கெட்டால் சரிசெய்யும் கட்டளைகூட ஓடாது. உங்கள் கணினியிலேயே சோர்ஸிலிருந்து கட்டுங்கள், அல்லது புதிய உபுண்டுவைக் கொண்ட கன்டெய்னருக்குள் (பிரித்துவைத்த தனிச் சூழலுக்குள்) ஓட்டுங்கள், அல்லது இயங்குதளத்தையே மேம்படுத்துங்கள்.

உங்கள் இயந்திரத்தில் இப்போது செய்ய வேண்டியது: முதலில் அந்தப் பழைய டெப்பை நீக்குங்கள். பில்ட்-எசென்ஷியல் (கம்பைலர் முதலான கருவிகள்), பிகேஜி-கான்ஃபிக் (லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி), லிப்எஸ்எஸ்எல்-டெவ் மூன்றையும் ஆப்ட் மூலம் நிறுவிவிட்டு, சோர்ஸை வேறொரு சுத்தமான அடைவில் விரித்து மறுபடி கன்ஃபிகர் செய்யுங்கள். பழைய அடைவில் முந்தைய முயற்சியின் சோதனை முடிவுகள் சேமிக்கப்பட்டிருந்தால் அவையே மீண்டும் வரும். இன்னொரு ஹெடர் இல்லை என்று நின்றால் ஆப்ட்-ஃபைலில் தேடுங்கள். எந்தக் கட்டத்திலாவது ஆப்ட் நீளமான ‘நீக்கப்படும்’ பட்டியலைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாமல் நிறுத்திவிட்டு, அந்தப் பட்டியலையும் கன்ஃபிக்.லாக்கில் பிழை தொடங்கும் பகுதியையும் கேள்வியில் அப்படியே ஒட்டுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.