பனிப்பாளத்தின் தடிப்பும் சராசரிகளின் ஒப்பீடும்

கேள்வி: எச்.எஸ்.சி. தேர்வுக்குப் புள்ளியியல் படிக்கிறேன். பயிற்சிக்கான கற்பனைத் தரவில், ஒரு மலைப்பகுதியின் 16 பனிச்சரிவுகளில் உடைந்த பனிப்பாளங்களின் (சாய்விலிருந்து ஒரே தகடாகப் பிரிந்து சரியும் பனி அடுக்குகளின்) சராசரித் தடிப்பு 62 செ.மீ., திட்டவிலக்கம் 12. மற்றொரு பகுதியின் 25 பனிச்சரிவுகளில் சராசரி 71, திட்டவிலக்கம் 20. ‘சராசரிகள் வேறுபடுகின்றனவா?’ என்பது வினா. 5 விழுக்காட்டு நிலையில் வேறுபடுகின்றன என்கிறாள் தோழி; நான் மறுக்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகி, ரோஸ் ஹில், மொரிசியஸ்

பதில்: கணக்கில் இருவருக்கும் ஒரே எண்தான் வந்திருக்கும். திட்டவிலக்கங்கள் சமமாக இல்லாததால் வெல்ச் முறை டி-சோதனையே பொருத்தமானது. 144/16, 400/25 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 25. அதன் வர்க்கமூலமாகிய 5 திட்டப்பிழை, அதாவது சராசரிகளின் வேறுபாட்டில் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க ஏற்ற இறக்கத்தின் அளவு. வேறுபாடான 9-ஐ அதனால் வகுத்தால் 1.8. எந்தச் சராசரி பெரிதானாலும் வேறுபாடாகக் கொள்ளும் இருமுனைச் சோதனையில் எல்லை மதிப்பு ஏறத்தாழ 2.02 ஆதலால், சராசரிகள் சமம் என்னும் இன்மைக் கருதுகோளை மறுக்க இயலாது. ஒரு திசையிலான வேறுபாட்டை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனையிலோ எல்லை 1.69 ஆகக் குறைவதால் மறுத்துவிடலாம். தோழி செய்தது பின்னது என ஊகிக்கிறேன். தரவைப் பார்ப்பதற்கு முன்பே, இரண்டாம் பகுதியில் தடிப்பு அதிகமாக இருக்கும் என்று கருதக் காரணம் இருந்தால் மட்டுமே அது செல்லும். எண்களைக் கண்ட பிறகு திசையைத் தேர்ந்தெடுப்பது, உண்மையான கருதுகோளைத் தவறாக மறுத்துவிடும் 5 விழுக்காட்டுப் பிழை வாய்ப்பைப் பத்தாக்கிவிடும். ஆகவே நியாயம் உங்கள் பக்கம். ஆனால், மறுக்க இயலவில்லை என்பதால் இரு சராசரிகளும் சமம் என்று எழுதிவிடாதீர்கள்.

828 மீட்டருக்கு மேல் மலையே இல்லாத நம் தீவிலிருந்து இக்கணக்கைப் போடுவோர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பனிப்பாளத்தின் தடிப்பு மலைச்சாய்வுக்குச் செங்குத்தாக அளக்கப்படுவது. ஆழமோ தூக்குநூல் தொங்கும் திசையில் அளக்கப்படுவது. பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளில் உடைகின்றன. 38 பாகைச் சாய்வில் ஆழத்தை 0.788 என்னும் கோசைன் மதிப்பால் பெருக்கினால்தான் தடிப்பு கிடைக்கும். இரண்டாம் பகுதியினர் ஆழத்தைக் குறித்து வைத்திருந்தால், அவர்களுடைய 71 செ.மீ. 56 ஆகச் சுருங்கி, 62-க்கும் கீழே போய்விடும்! சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது.

மேலும், ஒரே புயலில் விழுந்த பனியிலிருந்து அருகருகே உடையும் பாளங்கள் தடிப்பில் ஒத்திருக்கக்கூடும் என்பதால், 25 அளவீடுகளும் நான்கைந்து புயல்களைச் சேர்ந்தவை எனில் அவற்றை 25 தனித்தனிச் சான்றுகளாகக் கொள்ளலாகாது. உண்மையான திட்டப்பிழை 5-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும். தேர்வுத்தாளில் ‘சமவாய்ப்புக் கூறு எனக் கொள்க’ என்றிருந்தால், இவற்றை விட்டுவிட்டுக் கணக்கை நேராகப் போடலாம்.