எரிமலைப் பாறைக் கரையில டைவ்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

கேள்வி: ஹவாய் பிக் ஐலண்ட்ல கோனா பக்கம் போறோம். போட் டைவ் செலவு ஜாஸ்தியா இருக்குன்னு நானும் வீட்டுக்காரரும் ஹோனவ்னவ்ங்கற இடத்துல, படி மாதிரி இருக்கற டூ ஸ்டெப் பாறையில இருந்தே இறங்கலாம்னு இருக்கோம், ரெண்டு பேருக்கும் ஓப்பன் வாட்டர் கார்டு (ஸ்கூபா டைவிங் அடிப்படைச் சான்றிதழ்) இருக்கு. ஃபுல் ஃபுட் ஃபின்ஸ், அதாவது பாதம் முழுக்க மூடி வெறுங்கால்ல போடற நீச்சல் துடுப்பு, கைவசம் இருக்கு. மிச்சக் காசுல நல்ல கேமரா வாங்கலாமா?

பதில்: கேமரா இருக்கட்டுங்க, முதல்ல காலைப் பாருங்க. அந்தக் கரை முழுக்க லாவா பாறை, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், இடுக்குல கடல் முள்ளெலி வேற உட்கார்ந்திருக்கும், இதுல முதுகுல சிலிண்டரோட வெறுங்கால்ல நடக்கவே முடியாது. உங்க ஃபுல் ஃபுட் ஃபின்ஸ்க்குள்ள பூட் நுழையாது, அதனால அது போட் டைவுக்குத்தான் சரி. கெட்டியான ரப்பர் அடி வச்ச 5 மிமீ தடிமன் டைவ் பூட்ஸ் வாங்குங்க, மெல்லிசா சாக்ஸ் மாதிரி இருக்கறது வேணாம். அந்த பூட்ஸை மாட்டிக்கிட்டே கடைக்குப் போய் ஓப்பன் ஹீல் ஃபின்ஸ் (குதிகால் பக்கம் திறந்து, ஸ்ட்ராப்பால மாட்டறது) அளவு பாருங்க, ஸ்ட்ராப் ஸ்பிரிங் டைப்பா இருந்தா அலை ஆட்டும்போது ஒரே கையால இழுத்துக் கழட்டிடலாம், இதுக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்கறது ரொம்பவே வொர்த். 3 மிமீ வெட்சூட்டும் (உடம்போட ஒட்டின ரப்பர் டைவ் உடை) சொந்தமா இருந்தா நல்லது, குளிருக்கு மட்டுமில்ல, பாறையில உரசுனா தோலைக் காப்பாத்தும்.

சிலிண்டர், வெயிட், பிசிடி (காத்து ஏத்தி மிதப்பைச் சரி பண்ணற ஜாக்கெட்) எல்லாம் அங்கயே வாடகைக்கு எடுங்க. வழக்கமா குடுக்கற ‘அலுமினியம் 80’ வகை சிலிண்டர் காலியாவே 14 கிலோக்கு மேல வரும், ஃபிளைட்ல தூக்கிட்டுப் போறதுல அர்த்தமில்ல. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கற டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒண்ணு வேணும், ஒண்ணை வச்சு ரெண்டு பேர் ஓட்டாதீங்க, வாடகைன்னாலும் பரவாயில்ல. கீழ ஆள் இருக்காங்கன்னு படகுகளுக்குக் காட்டற டைவ் கொடியும் கேட்டு வாங்கிக்கோங்க, ஹவாய்ல அது கட்டாயம்.

இறங்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரமாவது அலையைப் பாருங்க, ஏன்னா பெரிய அலைங்க கூட்டமாத்தான் வரும், நடுவுல சும்மா கிடக்கற தண்ணிய நம்பி இறங்கிட்டா ஏறும்போது மாட்டிப்பீங்க. குளிர்காலத்துல வடமேற்குல இருந்து ஸ்வெல், அதாவது தூரப் புயல் கிளப்பற பெரிய அலை, வரும், படி மேல வெள்ளை நுரை அடிச்சா அன்னிக்கு போட் டைவுக்கே காசு குடுத்துருங்க. அதுக்குன்னு கொஞ்சம் பணம் ஒதுக்கியே வைங்க.

கேள்வி: காலையில டைவ், சாயங்காலம் மவுனா கியா மலை உச்சிக்கு சன்செட் டூர், ரெண்டையும் ஒரே நாள்ல புக் பண்ணலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம்ங்க. உச்சி 4,200 மீட்டருக்கு மேல, கீழ விசிட்டர் சென்டரே சுமார் 2,800 மீட்டர். உடம்புல மிச்சம் இருக்கற நைட்ரஜன் அங்க காத்தழுத்தம் குறையும்போது குமிழா வெளிய வரலாம், டைவ் முடிச்சதும் ஃபிளைட் ஏறற மாதிரிதான், சொல்லப்போனா அதைவிட மோசம், விமான கேபினுக்குள்ள காத்தழுத்தமே அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துல இருக்கற அளவுக்குத்தான் குறையும். ஃபிளைட்டுக்கு ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் குறைஞ்சபட்சம்னு சொல்வாங்க, மலைக்கு இன்னும் கூடவே விடுங்க. டூரை டைவுக்கு முந்தின நாளே புக் பண்ணிடுங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி தேதி மாத்த முடியுமான்னும் கேட்டுக்கோங்க.